புயல் கணக்கில் இருந்தது, மின்வெட்டு இல்லை

டெக்சாஸ் மாநிலத்தின் பல வீடுகளில் தண்ணீர்க் குழாய் போவது தலைக்கு மேலே, கூரைக்கும் அறையின் உள்கூரைக்கும் இடைப்பட்ட பரணில். கோடை 40 டிகிரியைத் தொடும் ஊரில் வெயிலை மனத்தில் வைத்துத்தான் வீடு கட்டுவார்கள். குளிருக்காகக் குழாயைப் போர்த்தி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எளிதில் வராது. 2021 பிப்ரவரி 16 அன்று டாலஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. பரண்களில் இருந்த தண்ணீர் உறைந்தது.

உறைந்த பனிக்கட்டியே குழாயைப் பிளந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பனிக்கட்டி குழாய்க்குள் அடைப்பாக நின்றுகொள்கிறது. அந்த அடைப்புக்கும் மூடிய திருகுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழியில்லை. பனி வளர வளர அழுத்தம் ஏறி, குழாய் பலவீனமான இடத்தில் பிளக்கிறது. அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துக் குளிர் விட்டு, அடைப்பு உருகி, தண்ணீர் ஓடத் தொடங்கும்போதுதான் பரணிலிருந்து கொட்டும். ஜிப்சம் பலகை ஊறி, உள்கூரை பெயர்ந்து கட்டிலின் மேல் விழும். மரத்தரை உப்பும். ஒரு விரற்கடை நீளப் பிளவு ஒரு வீட்டையே சில மணி நேரத்தில் குடியிருக்க முடியாததாக்கிவிடும். காப்பும் போர்வையும் இல்லாத பரணில் ஓடும் குழாய்கள், வெளியே மைனஸ் 7 டிகிரி வரும்போதே உறையத் தொடங்குகின்றன என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெடுநாள் முன்பே காட்டியிருந்தது.

அந்தப் பிப்ரவரிப் புயலுக்கு ‘யூரி’ என்று பெயர். காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டிவந்த இழப்பு சுமார் 1,500 கோடி டாலர் என்று சுவிஸ் ரீ நிறுவனம் கணக்கிட்டது. அதற்கு முன் அமெரிக்கக் குளிர்காலப் புயல்களுக்கு அளவுகோலாகச் சொல்லப்பட்டது 1993 மார்ச் மாதத்தின் ‘நூற்றாண்டுப் புயல்’. அதில் காப்பீட்டு இழப்பு அன்றைய மதிப்பில் 175 கோடி டாலர். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் யூரி பல மடங்கு பெரியது. மனித இழப்பு இதைவிடக் கொடியது. மாநில சுகாதாரத் துறையின் கணக்கில் இறந்தோர் 246 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் குளிரில் உடல்வெப்பம் இழந்து இறந்தவர்கள். உலகின் மிகப் பணக்கார நாட்டில் அது நடந்தது.

இவ்வளவு பெரிய இழப்பு எப்படிக் கணக்கிலிருந்து நழுவியது? இதைக் கேட்க வேண்டியவர்கள் காப்பீட்டுத் துறையினர் மட்டுமல்லர். பிரீமியம் கட்டும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

பேரிடர் இழப்பைக் கணிக்கும் கணினி மாதிரிகள் 1980களின் இறுதியில் பிறந்தவை. துறையில் ‘கேட் மாடல்’ என்பார்கள். ஏஐஆர், ஆர்எம்எஸ் போன்ற நிறுவனங்கள் அப்போதுதான் தொடங்கின. 1992இல் ‘ஆண்ட்ரூ’ சூறாவளி புளோரிடாவைச் சூறையாடி, பத்துக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்களை மூழ்கடித்த பிறகு, பழைய இழப்புகளின் சராசரியைப் பார்த்து பிரீமியம் போடும் வழக்கம் செல்லாது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அன்று முதல் மாதிரிகளின் ஆட்சிதான்.

இந்த மாதிரிகளின் உள்ளமைப்பு எளிமையானது. முதலில், நடக்கக்கூடிய புயல்களின் பெரிய பட்டியல்: பத்தாயிரம் ஆண்டுகள் கடந்தால் எத்தனை புயல்கள், எவ்வளவு குளிர், எவ்வளவு காற்று, எத்தனை நாள் என்று கணினியிலேயே உருவாக்கப்படும் கற்பனை ஆண்டுகள். இரண்டாவது, எந்த இடத்தில் எத்தனை வீடுகள், என்ன மதிப்பு, எப்போது கட்டியவை என்ற விவரம். மூன்றாவது, இவ்வளவு குளிருக்கு இந்த வகை வீடு எவ்வளவு சேதமடையும் என்ற உறவு. கடைசியாக, பாலிசி விதிகளின்படி அந்தச் சேதத்தில் நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் என்ற பணக்கணக்கு. இவ்வளவையும் ஓட்டினால் ஒரு வளைகோடு கிடைக்கும். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய இழப்பு இவ்வளவு, இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது இவ்வளவு என்று அது சொல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் நடப்பில் உள்ள சால்வன்சி-2 விதிகள், இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை நேரும் இழப்பைத் தாங்கும் மூலதனம் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்கின்றன. அதாவது, கோடிக்கணக்கான டாலர் எங்கே ஒதுக்கப்படுகிறது என்பதையே இந்த வளைகோடு தீர்மானிக்கிறது.

‘நூறாண்டுக்கு ஒருமுறை’ என்ற சொல்லாட்சி பலரை ஏமாற்றுகிறது. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுகள் நிம்மதி என்று பொருளில்லை. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். முப்பதாண்டு வீட்டுக்கடன் வாங்கியவர் அந்தக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அப்படி ஒரு புயலைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26.

யூரியின் குளிர் வரலாறு காணாததா? இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘யாரும் எதிர்பார்க்கவில்லை’ என்பதுதான் அப்போது அதிகம் கேட்ட சொல். 1899 பிப்ரவரியில் டாலஸ் இதைவிடக் கடுமையாக உறைந்தது. அதே மாதம் மாநிலத்தின் வடமேற்கில் உள்ள டூலியாவில் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே பதிவானது. 1983 டிசம்பரில் டாலஸ் பகுதி தொடர்ந்து பன்னிரண்டு நாட்கள் உறைநிலையைத் தாண்டவே இல்லை. யூரியைவிட அது நீண்ட குளிர். 1989 டிசம்பரிலும் கடும் உறைகுளிர் வந்தது. புயல் பட்டியலில் இவையெல்லாம் இருந்தன. மாறியது நிலத்தின் மேல் இருந்தவை. 1980இல் டெக்சாசின் மக்கள்தொகை 1.4 கோடி, 2020இல் 2.9 கோடி. அந்த நாற்பதாண்டில் கட்டப்பட்ட வீடுகளின் குழாய்களில் பல அதே போர்வையில்லாப் பரண்களில்தான் ஓடின.

ஆனாலும் குளிரும் குழாயும் மட்டும் சேர்ந்து 1,500 கோடி டாலரைக் கொண்டுவரவில்லை. நடுவில் மின்சாரம் போனது.

டெக்சாசின் மின்தொகுப்பு பெரும்பாலும் தனித்து நிற்பது. அக்கம்பக்க மாநிலங்களிலிருந்து அவசரத்துக்கு வாங்கக்கூடிய மின்சாரம் மிகச் சொற்பம். அதை நடத்தும் எர்காட் அமைப்பு, பிப்ரவரி 15 அதிகாலையில் மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. உச்சத்தில் வெட்டப்பட்டது 20,000 மெகாவாட். 4 நிமிடம் 37 வினாடி தாமதித்திருந்தால் முழு மாநிலத்தின் மின்தொகுப்பும் சரிந்து, மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும் என்று எர்காட் பின்னர் சொன்னது. மாநிலத்தில் 45 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருளில் விடப்பட்டனர்.

மின்நிலையங்கள் ஏன் நின்றன? அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமும் மின்நம்பக அமைப்பான நெர்க்கும் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இரண்டு முக்கியக் காரணங்களைச் சொன்னது: நிலையங்களின் கருவிகளே உறைந்துபோனது, எரிபொருள் கிடைக்காதது. எரிபொருள் என்றால் பெரும்பாலும் இயற்கை எரிவாயு. எரிவாயுக் கிணறுகளும் அமுக்கு நிலையங்களும் இயங்க மின்சாரம் வேண்டும். இவற்றுக்கு மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்று பதிவு செய்ய ஒரு படிவம் இருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் அந்தப் படிவத்தை நிரப்பித் தரவில்லை. மின்பற்றாக்குறையைச் சமாளிக்க வெட்டு போட்டபோது எரிவாயு நிலையங்களுக்கும் சேர்த்தே வெட்டினார்கள். எரிவாயு குறைந்தது. மின்உற்பத்தி மேலும் குறைந்தது. ஒரு படிவம் எத்தனை உயிர்களோடு பிணைந்திருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

சூடேற்ற மின்சாரமில்லாத வீடுகள் வேகமாகக் குளிர்ந்தன. வீட்டுக்குள் 18, 20 டிகிரி வெப்பம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குழாய்கள் பிளந்தன. நகராட்சி நீரேற்று நிலையங்கள் நின்றன; அழுத்தம் விழுந்து, 1.4 கோடிக்கும் மேற்பட்டோருக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு அறிவிப்பு போனது. மின்சாரம் போனவர்கள் சராசரியாக 42 மணி நேரம் மின்சாரமின்றி இருந்ததாக ஹூஸ்டன் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு சொன்னது.

அமெரிக்க வீட்டுக் காப்பீட்டுப் பாலிசிகளில் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. குழாய் உறைந்து வெடித்தால் இழப்பீடு கிடைக்கும், ஆனால் வீட்டைச் சூடாக வைத்திருக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். இல்லையேல் தண்ணீரை நிறுத்திக் குழாயைக் காலி செய்திருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள், ஊருக்குப் போனவர் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போவதைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். ஒரு மாநிலமே ஒரே இரவில் ஹீட்டரை இழக்கும் நிலை அவர்கள் மனத்தில் இல்லை. மாதிரிகளை எழுதியவர்களின் மனத்திலும் அது போதிய அளவு இல்லை. ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் குளிரைச் சந்திக்கும் என்ற எண்ணத்தில் கட்டிய சேதக் கணக்கு, எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் போகும்போது பொருளிழந்துவிடுகிறது.

அடுத்து வந்தது ஆள்பற்றாக்குறை. குழாய் வெடித்த வீடுகள் லட்சக்கணக்கில், பிளம்பர்கள் சொற்பம். வெளிமாநில பிளம்பர்கள் வந்து வேலை செய்ய உரிம விதிகளை மாநிலம் தளர்த்த வேண்டியதாயிற்று. ஒரு நாள் தாமதமானாலும் ஈரச் சுவரில் பூஞ்சை ஏறும், செலவு கூடும். பெரிய பேரிடருக்குப் பின் கூலியும் பொருள் விலையும் எகிறுவதை மாதிரிகள் சூறாவளிகளை வைத்தே கற்றுக்கொண்டிருந்தன. குளிர்காலப் புயலுக்கு அது இவ்வளவு பெரிதாக வரும் என்று வைத்திருக்கவில்லை. புயல் ஓய்ந்த சில நாட்களில் வெளியான மதிப்பீடுகளே இந்தத் தடுமாற்றத்தைக் காட்டின. ஒரு மாதிரி நிறுவனம் இழப்பு 1,000 கோடி டாலரைத் தாண்டும் என்றது. இன்னொன்று 1,800 கோடி என்றது.

இந்தத் தவறு டெக்சாசில் தொடங்கியதல்ல. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ மாகாணங்களில் ஐந்து நாட்களுக்கு மேல் உறைமழை பெய்தது. விழுந்த கணத்திலேயே கம்பியிலும் கிளையிலும் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும் மழை அது. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டர் வரை சேர்ந்தது. பாரம் தாங்காமல் ஒரு மின்கோபுரம் சாய, அது அடுத்ததை இழுக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்கள் வரிசையாக மடிந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. சிலருக்கு அது திரும்ப ஒரு மாதம் ஆனது. மாண்ட்ரியலின் நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மின்சாரம் போய், பெருநகரமே குடிநீரின்றி நிற்கும் விளிம்புக்கு வந்தது. மின்சாரம் போனால் தண்ணீர் போகும், இரண்டும் போனால் வீடு போகும் என்ற பாடம் யூரிக்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஹைட்ரோ-கியூபெக் அதைப் படித்தது: ஒன்று விழுந்தால் மற்றவற்றை இழுக்காதபடி இடையிடையே வலுவான கோபுரங்களை நட்டது. தெற்கே இருந்தவர்கள் படிக்கவில்லை.

ஐரோப்பாவின் பாடம் வேறு வகை. 1999 டிசம்பர் 26 அன்று ‘லோதர்’ புயல் வடக்கு பிரான்சையும் தெற்கு ஜெர்மனியையும் துவைத்தெடுத்தது. மறுநாள் மாலையே ‘மார்ட்டின்’ பிரான்சின் தென்மேற்கில் புகுந்தது. இரண்டிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெர்சாய் அரண்மனைப் பூங்காவில் மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் மரங்கள் விழுந்தன. அதுவரையிலான மாதிரிகள் பல, ஒரு புயலுக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லை என்றே கருதின. ஆனால் வட அட்லாண்டிக்கின் மேல் ஜெட் காற்றோட்டம் பலமாக ஒரே திசையில் நிலைகொள்ளும்போது, புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே பாதையில் வரும். 1990இன் தொடக்கத்தில் டாரியா, விவியன், வீப்கே என்று அது நடந்தும் இருந்தது.

இதில் பணச்சிக்கலும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் பாரத்தில் ஒரு பகுதியை மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் விடுகின்றன. அந்த ஒப்பந்தங்களில் பொதுவாக 72 மணி நேரத்துக்குள் நடப்பது ஒரே நிகழ்வு என்று விதி இருக்கும். லோதரும் மார்ட்டினும் ஒரு நிகழ்வா, இரண்டா? பதிலைப் பொறுத்து நிறுவனம் எத்தனை முறை தன் பங்கைக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்பது மாறும். அதன் பிறகுதான் புயல்கள் கொத்துக் கொத்தாக வருவதை மாதிரிகளில் சேர்க்கும் வேலை மும்முரமானது. 2022 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் டட்லி, யூனிஸ், பிராங்க்ளின் என மூன்று பெயரிட்ட புயல்கள் பிரிட்டனைத் தாக்கியபோது, 1999இல் கற்றது கைகொடுத்தது.

அடிபட்ட பிறகுதான் மாதிரி திருந்துகிறது. ஆண்ட்ரூவுக்குப் பின் சூறாவளி மாதிரி, லோதருக்குப் பின் கொத்துப் புயல், யூரிக்குப் பின் மின்தொகுப்பு. திருந்துவது நல்லதுதான். ஆனால் கட்டணம் செலுத்துவது மாதிரி எழுதியவர்கள் அல்லர். வீடு இழந்தவர்களும், அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறியவர்களும். எனவே இரண்டு மாற்றங்கள் உடனடியாகத் தேவை.

முதலாவது வெளிப்படைத்தன்மை. புளோரிடாவில் 1995 முதல் ஒரு ஆணையம் இருக்கிறது. வீட்டுக் காப்பீட்டுக் கட்டணத்துக்குப் பயன்படும் சூறாவளி மாதிரிகளை வானிலையாளர், பொறியாளர், புள்ளியியலாளர், கணினியியலாளர் எல்லோரும் கொண்ட குழு துருவி ஆராய்ந்த பிறகே அந்த ஆணையம் ஏற்கிறது. குளிர்காலப் புயல் மாதிரிகளுக்கும் இத்தகைய பொது ஆய்வு வேண்டும். மாதிரியின் வணிக ரகசியம் முழுவதையும் கொட்டச் சொல்லவில்லை. எதைச் சேர்த்தார்கள், எதைச் சேர்க்கவில்லை என்பதை மட்டுமாவது எழுதித் தர வேண்டும். ‘மூன்று நாள் மின்வெட்டு சேர்க்கப்படவில்லை’ என்ற ஒரு வரி 2020இல் டெக்சாஸ் ஒழுங்குமுறையாளரின் மேசையில் இருந்திருந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் பல எழுந்திருக்கும்.

இரண்டாவது, மாதிரியை விலை போடுவதற்கு மட்டும் பயன்படுத்தாமல் இழப்பைத் தடுப்பதற்கும் பயன்படுத்துவது. 2011 பிப்ரவரியிலும் டெக்சாசில் குளிரால் மின்நிலையங்கள் நின்று, சுழற்சி மின்வெட்டு வந்தது. அந்த ஆகஸ்டிலேயே மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்செய்யுமாறு விரிவான அறிக்கை வந்தது. கட்டாயம் இல்லை என்பதால் பலர் செய்யவில்லை. பத்தாண்டு கழித்து யூரி வந்தது. அதன் பிறகு 2021 ஜூனில் மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. 2022 கிறிஸ்துமஸ் நேரத்தில் ‘எலியட்’ புயல் வந்தபோது, டெனசி பகுதிக்கு மின்சாரம் வழங்கும் டெனசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றில் முதல்முறையாக மின்வெட்டு போட்டது. எர்காட் போடவில்லை. அந்தப் புயல் டெக்சாசில் யூரியின் அளவுக்கு நீளவில்லை என்பது உண்மை. ஆனால் தயாரிப்புக்குப் பலன் உண்டு என்பதற்கும் அது சான்று. இந்த வேறுபாட்டை மாதிரி பிடிக்க வேண்டும், பிரீமியம் அதைக் காட்ட வேண்டும். பரண் குழாய்க்குப் போர்வை போட்டவருக்கும், கசிவைக் கண்டால் தானாக நீரை நிறுத்தும் வால்வு பொருத்தியவருக்கும் கட்டணம் குறைய வேண்டும். இப்போது சில நிறுவனங்கள் மட்டும் செய்வதை எல்லோரும் செய்ய ஒழுங்குமுறையாளர்கள் வற்புறுத்த வேண்டும்.

பூமி சூடாகிறது, இனி உறைகுளிர் குறையும் என்று சமாதானம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சராசரிக் குளிர்காலம் இளகிவருவது உண்மை. ஆனால் வடதுருவம் வேகமாகச் சூடாவது அங்குள்ள குளிர்ச்சுழலை நீட்டி, குளிரைத் தெற்கே இறக்குகிறதா என்பதில் விஞ்ஞானிகளிடையே விவாதம் முடியவில்லை. முடியாத விவாதத்தைக் காரணம் காட்டிக் கட்டணத்தைக் குறைப்பதும் மூலதனத்தைக் குறைப்பதும் பொறுப்பற்ற செயல்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு இது எங்கோ நடக்கும் கதை அல்ல. ஹூஸ்டனை அடுத்த பியர்லேண்டில் மீனாட்சி கோயில் எழுப்பும் அளவுக்கு டெக்சாசில் தமிழர்கள் வேரூன்றியிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் டொரான்டோவில் உறைமழை பெய்து மூன்று லட்சம் மின்இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, ஈழத்தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோ அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. அங்கே பிள்ளைகளோ உறவினரோ இருப்பவர்கள் அடுத்த அழைப்பில் மூன்று விஷயங்களைக் கேட்டு வையுங்கள். வீட்டின் முதன்மைத் தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது, இருட்டில் கண்டுபிடித்து மூட முடியுமா? மின்சாரம் போனதால் வீடு குளிர்ந்து குழாய் வெடித்தால் பாலிசி என்ன சொல்கிறது? அந்தப் பதிலை முகவரிடம் எழுத்தில் வாங்கியாயிற்றா? நவம்பர் பிறப்பதற்குள் கேட்டுவிடுங்கள்.